பாட்டு சாட்சி சொல்லுமா?

2015 ஜூலை 25. சிகாகோவை ஒட்டிய ஹாமண்ட் ஊரில் ஓர் இசைவிழா. மேடையில் ஆள் இல்லை. ஒளியால் ஆன பிம்பம் மட்டும். நிஜ ஆளான ராப் பாடகர் சீஃப் கீஃப், 19 வயது, கலிபோர்னியாவில் நின்று பாடிக்கொண்டிருந்தார். சொந்த மாநிலத்தில் அவர்மீது பிடிவாரண்ட். சுட்டுக் கொல்லப்பட்ட நண்பருக்காகவும், சுட்டவர்கள் தப்பியோடிய கார் மோதி இறந்த ஒரு வயதுக் குழந்தைக்காகவும் நடந்த நிகழ்ச்சி அது. வன்முறை போதும் என்று பிம்பம் பேசியது, ஒரு பாட்டும் பாடியது. அதற்குள் போலீஸ் நிறுத்திவிட்டது.

நிழலைக்கூட மேடையேற விடாத அளவுக்கு பயம், அவர் பாடும் 'டிரில்' என்ற ராப் இசையின் மேல்.

பிறந்த இடம் சிகாகோவின் தெற்குப் பகுதி. தெருக்கொச்சையில் 'டிரில்' என்றால் பழிதீர்ப்பது, சுடுவது. 2012இல் பாட்டி வீட்டில் வீட்டுக்காவலில் இருந்த 16 வயது கீஃப், சட்டையில்லாத நண்பர்கள் துள்ளிக் குதிக்க எடுத்த வீடியோ நாடெங்கும் பரவியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான் அங்கே ராபர்ட் டெய்லர் என்ற அரசுக் குடியிருப்பை முழுவதுமாக இடித்து முடித்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் சிதறின. வீடியோ வந்த அடுத்த ஆண்டே நகரில் ஏறத்தாழ 50 அரசுப் பள்ளிகளை மூடினார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் குற்றம் சொல்வது நமக்கு ஒப்பவில்லை.

கடல் தாண்டி லண்டனின் பிரிக்ஸ்டனுக்குப் போனதும் இசையே மாறியது. மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி கொடுத்தால் நாதம் வளைந்து நெளியுமே, அப்படி அடித்தள பேஸ் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும். மேலே ஹை-ஹாட் எதிர்பாராத இடத்தில் தட்டும். குரலில் மட்டும் உணர்ச்சியே இருக்காது. அதுதான் கேட்பவரை உலுக்குகிறது. லண்டன்காரரான 808மெலோ அமைத்த இசையில்தான் நியூயார்க்கின் பாப் ஸ்மோக் 2019இல் புகழடைந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 20.

டிரில் அப்பாவி இசை என்று நாம் சொல்ல வரவில்லை. எதிர்க்கோஷ்டியைச் சீண்டிப் பாடிய 18 வயது லில் ஜோஜோ, 2012 செப்டம்பரில் சைக்கிளில் போகும்போது கொல்லப்பட்டார். செத்துப்போன பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேலி பாடும் பாட்டு, பெற்றவள் காதிலும் விழும். அதை யார் பாடினாலும் ஈனச்செயல்தான்.

ஆனால் லண்டனில் நடந்ததைப் பாருங்கள். 2018இல் யூடியூப் போலீஸ் கேட்டபடி சுமார் 30 வீடியோக்களை நீக்கியது. அதே ஆண்டு ஆயுதங்களோடு பிடிபட்ட ஐந்து இளைஞர்களுக்குச் சிறைத் தண்டனை. அதில் நமக்கு மறுப்பில்லை. கூடவே, பாட்டு வெளியிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்ல வேண்டும், மேடையேறுவதென்றால் 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அடுத்த ஜனவரியில் ஸ்கெங்டோ, ஏஎம் என்ற இரு டிரில் பாடகர்களுக்கு, தங்கள்மீது நீதிமன்றம் போட்டிருந்த தடையாணையை மீறி ஒரு பாட்டைப் பாடியதற்கே 9 மாதச் சிறை. தண்டனையை நிறுத்திவைத்தார்கள் என்பது மட்டுமே ஆறுதல்.

'சுட்டேன்' என்று பாடுகிறவன் எல்லாம் சுட்டவன் ஆகிவிட மாட்டான். நீதிமன்றத்தில் அந்த வரிகளை வாசித்துக் காட்டினால், ஜூரி முன் நிற்கும் கறுப்பினப் பையன் பாதி குற்றவாளி ஆகிவிடுகிறான். கலிபோர்னியா 2022இல் ஒரு சட்டம் போட்டது: பாட்டு வரியைச் சாட்சியமாகக் கொண்டுவரும் முன், அது ஜூரியின் மனதில் விதைக்கும் வெறுப்பை நீதிபதி எடைபோட வேண்டும். பிரிட்டனும் இப்படியொரு சட்டத்தை உடனே இயற்ற வேண்டும்.