எதற்காக ஊற்றினார்கள்?

லண்டனில் குளிர் தொடங்கிவிட்டது. எரிவாயுக் கட்டணத்துக்கு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வைக்கும் உச்சவரம்பைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது மாறுகிறது. மாறும்போதெல்லாம் ஹீட்டிங்கை எத்தனை மணிக்குப் போடுவது, எப்போது நிறுத்துவது என்று நம் வீடுகளில் வாக்குவாதம். ஆனால் செவ்வாய்க்கிழமை பாய்லர் பார்க்க வந்தவரால் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அதை எழுதாமல் வேறு எதையும் எழுதக் கை ஓடாது.

முன்னறை ரேடியேட்டர் மேலே சுட்டது, அடியில் சில்லென்றிருந்தது. மேல்பகுதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்றோ வாயுவோ நிற்கிறது. அடிப்பகுதி குளிர்ந்திருந்தால் சேறு படிந்திருக்கிறது. வந்தவர் வால்வைத் திறந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்தார். மை மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்துக் குவளைக்கு வெளியே வைத்துப் பார்த்தேன். கறுப்புத் தூள் மெல்ல வந்து கண்ணாடியில் ஒட்டியது. காந்தத்தை நகர்த்தினால் தூளும் கூடவே நகர்ந்தது. மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு அது. ரேடியேட்டரின் எஃகுதான் அரித்து அரித்து இப்படி ஆகியிருக்கிறது.

போன தடவை வந்தவர் உள்ளே என்ன மருந்து விட்டார் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். பாய்லர் கையேட்டில் சர்வீஸ் விவரம் எழுதவேண்டிய பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. தானும் ஒரு பாட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னார். எதற்கு என்றேன். எல்லா வீட்டிலும் விடுவதுதான் என்றார்.

தேதி எழுதாத ஊறுகாய் ஜாடியிலிருந்து பெயர் எழுதாத மாத்திரை டப்பா வரை, இந்த விஷயத்தில் என் பொருமலை நீங்கள் ஏற்கெனவே போதுமான அளவு படித்திருக்கிறீர்கள். பாய்லர் அதைவிடப் பெரிய விஷயம். ஹீட்டிங் குழாய்களில் ஒருமுறை நிரப்பிய தண்ணீரே ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து தீர்ந்துபோனால் அரிப்பு வெகுவாக அடங்கிவிடும். எங்காவது கசிந்து அழுத்தம் குறையக் குறைய நாம் தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருந்தால், புது ஆக்சிஜனும் லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்து உள்ளே போகும். எனவே கசிவை அடைப்பது முதல் வைத்தியம். துருத்தடுப்பு மருந்து அதற்கு அடுத்தது. பி.எஸ். 7593 என்ற பிரிட்டிஷ் நெறிமுறையின் 2019 பதிப்பு ஆண்டுதோறும் தண்ணீரைச் சோதிக்கச் சொல்கிறது. அலுமினிய வெப்பமாற்றி உள்ள பாய்லர் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: ஜெர்மனியின் வி.டி.ஐ. 2035 நெறிமுறை அதற்கு பிஎச் 8.2 முதல் 9 வரை என்று எல்லை வைத்திருக்கிறது. எஃகுக்கு இதமான காரத்தன்மை கொஞ்சம் ஏறினாலே அலுமினியத்தை அரிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மேலே இன்னொன்றை எப்படி ஊற்றுவது?

வேதியியலாளரான எழுத்தாளர் பிரீமோ லெவி இருந்திருந்தால் இந்தக் கேள்வியை விட்டிருக்க மாட்டார். மறுபடியும் லெவியா என்று கேட்காதீர்கள். துருவைப் பற்றிப் பேசும்போது அவரை விட்டால் வேறு யார்? 1975இல் வந்த அவருடைய ‘ஆவர்த்தன அட்டவணை’ நூலில் தனிமங்களின் பெயரால் 21 அத்தியாயங்கள். ‘குரோமியம்’ அத்தியாயத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன். ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பிய அந்த இளம் வேதியியலாளருக்கு ஏரிக்கரைப் பெயின்ட் தொழிற்சாலை ஒன்றில் வேலை. துருத்தடுப்புப் பெயின்ட் டப்பாவுக்குள்ளேயே கெட்டியாகிக் குவிந்து கிடக்கிறது. ஏன் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். பழைய சோதனைக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். சோதனைத் திரவம் ‘2 அல்லது 3 சொட்டு’ என்றிருந்த இடம், படியெடுத்ததில் ‘23 சொட்டு’ ஆகியிருக்கிறது! அளவுக்கு மீறிய அந்தத் திரவம், பெயின்டில் சேர்க்கும் மோசமான குரோமேட்டை நல்லதாகக் காட்டிவந்திருக்கிறது.

கெட்டுப்போன பெயின்டை மீட்க அவர் சேர்த்தது அம்மோனியம் குளோரைடு. ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தில் தேய்க்கும் அதே நவச்சாரம். பெயின்ட் சரியாகிவிட்டது. முன்னெச்சரிக்கையாகச் செய்முறையிலும் நவச்சாரம் ஏறிவிட்டது. மோசமான குரோமேட் தீர்ந்த பிறகும், லெவி வேலையை விட்டுப் போன பிறகும், பல ஆண்டுகள் அதைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். பின்னால் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஒருவர் திகைத்துப்போகிறார்: இரும்பை அரிக்கக்கூடிய உப்புக்குத் துருத்தடுப்புப் பெயின்டில் என்ன வேலை? அங்கிருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை.

அதே அத்தியாயத்தில் வெங்காயமும் வருகிறது. ஆளிவிதை எண்ணெய் காய்ச்சும் பழைய செய்முறை ஒன்று, கடைசியில் இரண்டு துண்டு வெங்காயம் போடச் சொல்கிறது. வெப்பமானி இல்லாத காலத்தில் எண்ணெயின் சூட்டை வெங்காயம் வறுபடுவதை வைத்துக் கணித்தார்கள். வெப்பமானி வந்தது, வெங்காயம் போகவில்லை.

இதில் யாரையும் முட்டாள் என்று சொல்ல முடியாது. வெங்காயம் ஒரு காலத்தில் சரியான கருவி, நவச்சாரம் ஒரு காலத்தில் சரியான மருந்து. செய்முறையை எழுதிவைத்தவர்கள் காரணத்தை எழுதவில்லை. காரணம் தெரியாதபோது பின்னால் வருகிறவனுக்குத் தொடரவும் பயம், நிறுத்தவும் பயம். நம் வீட்டுச் சடங்குகளிலும் அலுவலகப் படிவங்களிலும் பாதி இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேள்வி கேட்கிற பிள்ளைக்கு நாம் கொடுக்கும் பதிலும் ‘எல்லாரும் செய்வதுதான்’ என்பதே. அந்தப் பதிலை இனி நாம் யாருக்கும் சொல்லக் கூடாது, யாரிடமிருந்தும் ஏற்கவும் கூடாது.

பாட்டிலைத் திறக்க வேண்டாம் என்று வந்தவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் தண்ணீர்ச் சோதனை, பிறகு சேற்றைக் கழுவி வெளியேற்றுவது, அதற்குப் பிறகே மருந்து. இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், பாய்லர் மேல் மூன்று வரி எழுதி ஒட்டச் சொல்லுங்கள்: எந்தத் தேதியில், எதை, எதற்காக. முதல் இரண்டைச் சிலர் தாமாகவே எழுதுவார்கள். மூன்றாவதை வற்புறுத்தித்தான் வாங்க வேண்டும். அது இருந்தால்தான் அடுத்து வருகிறவர், இந்த மருந்து இன்னும் தேவையா, போதுமா என்று யோசித்து முடிவெடுக்க முடியும்.