மனம் நோயுற்றால் ஈமான் குறைந்துவிட்டதா?

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. நான்கே மணி நேரத்தில் நாடு மூடப்பட்டது. வியாபாரிகளே! கடையடைப்பால் நீங்கள் பட்ட நட்டத்தைப் பலரும் பேசினார்கள். வீட்டு மூலையில் செல்போனில் பாடம் கேட்ட உங்கள் பிள்ளை பட்டதை யார் பேசினார்கள்?

இறுதியாண்டு மாணவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். தேர்வு உண்டா, இல்லையா என்றே மாதக்கணக்கில் தெரியவில்லை. செப்டம்பர் இறுதிக்குள் நடத்த வேண்டும் என்று ஜூலை 6ல் பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. வழக்கு உச்சநீதிமன்றம் போய், ஆகஸ்ட் 28ல்தான் தேர்வு உண்டு என்பது உறுதியானது. வேலை கிடைக்குமா என்ற கவலை ஒருபுறம், வாப்பாவின் வருமானம் நின்ற கவலை மறுபுறம்.

போதாக்குறைக்கு, டெல்லி தப்லீக் மாநாட்டைச் சாக்கிட்டுச் சில ஊடகங்கள் நோய்க்கே மதச்சாயம் பூசின. வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை அதே ஆகஸ்டில் கூறி, வழக்குகளை ரத்து செய்தது. ஆனால் அந்த மாதங்களில் சந்தேகப் பார்வைகளைச் சுமந்த நம் இளைஞனின் காயத்தை எந்தத் தீர்ப்பு ஆற்றும்?

தொற்றின் முதலாண்டில் மனச்சோர்வும் பதற்றமும் உலகளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022ல் அறிவித்தது. இளைஞர்களும் பெண்களுமே அதிகம் பாதிக்கப்பட்டனர்.

தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, சாப்பாட்டை வெறுத்துக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து 'ஈமான் பலவீனம்' என்பவர்கள் நம்மிடையே இல்லையா? தாயத்துக்காரரைத் தேடி ஓடுபவர்கள் இல்லையா? சர்க்கரை நோய்க்கு டாக்டரிடம் போகிறோம். மனநோய்க்குப் போக மட்டும் ஏன் வெட்கம்? தொழுகையும் துஆவும் உள்ளத்துக்கு ஆறுதல். அவற்றைக் காட்டி வைத்தியத்தைத் தடுக்காதீர்கள். நோய்க்கு மருத்துவம் செய்யச் சொன்ன மார்க்கம், மனநோய்க்கு வேண்டாம் என்று விலக்கு வைக்கவில்லை.

கொரோனா அவசரநிலை நீங்கியதாக 2023 மே மாதம் அறிவித்துவிட்டார்கள். உள்ளத்தில் பட்டது அப்படித் தேதி குறித்து நீங்காது. எனவே, பிள்ளை பேசும்போது உபதேசம் செய்யாமல் கேளுங்கள். இளைஞனே! பாரம் தாங்கவில்லையென்றால் மறைக்காதே. அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

100 மாணவர்களுக்கு மேல் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. நம் சமுதாயக் கல்லூரிகளில் இருக்கிறாரா? நிர்வாகிகளிடம் கேளுங்கள். நன்கொடை கொடுக்கும் வியாபாரிகள் கேட்டால் அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிள்ளையைப் படிக்க வைத்தோம் என்று பெருமைப்படும் நாம், அவன் நலமாக இருக்கிறானா என்றும் கேட்போம்.