பதினெட்டு ஆனதும் முக்கால்வாசி கட்

உங்களுக்குப் பதினெட்டு முடிஞ்ச அன்னைக்கு என்ன நடந்தது? கேக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், வோட்டர் ஐடிக்கு அப்ளிகேஷன். 'இனி ஹாஸ்டல் ஃபீஸ்ல கால்வாசிதான் தருவோம்'னு வீட்ல யாரும் சொல்லலையே? பிரிட்டிஷ் அரசு அதைத்தான் சொல்கிறது.

பிரான்சிலிருந்து ரப்பர் படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வருபவர்கள் பெரும்பாலும் கரையேறுவது கென்ட் கவுன்டியில். பெற்றோர் இல்லாமல் தஞ்சம் கேட்டு வரும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அநேகமாக 16, 17 வயசு. 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, வந்து இறங்கிய இடத்தின் கவுன்சில்தான் அவர்களைப் பார்த்துக்கணும். 2020 ஆகஸ்டிலும் 2021 ஜூனிலும் கென்ட் கவுன்சில் 'இனி முடியாது' என்று கைவிரித்தது. உள்துறை பிள்ளைகளை ஹோட்டல்களில் போட்டது. அங்கிருந்து போன 200 பேரை இன்னும் காணோம் என்று 2023 ஜனவரியில் அரசே ஒப்புக்கொண்டது. (காணாமல் போனது சூட்கேஸ் இல்லைங்க, பிள்ளைங்க.) கவுன்சில் செய்ததும் தப்பு, உள்துறை செய்ததும் தப்பு என்று அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது.

கவுன்சிலைத் திட்டுவது ஈஸி. கணக்கைப் பாருங்க. 2021-இல் அறிவித்த விகிதப்படி, ஒரு பிள்ளைக்கு ஓர் இரவுக்கு மத்திய அரசு கொடுப்பது அதிகபட்சம் 143 பவுண்ட். வாரத்துக்கு 1,001. பதினெட்டு முடிந்ததும் அது வாரத்துக்கு 270. நம்ம சிக்னல்ஸ் பேப்பரில் வருகிற ஸ்டெப் ஃபங்ஷனேதான், ஆனால் கீழ்நோக்கி. கவுன்சிலின் கடமை மட்டும் அப்படி விழுவதில்லை. 21 வரையும், தேவைப்பட்டால் 25 வரையும் சட்டம் அதை விடுவதில்லை.

பெரியவனுக்குச் செலவு குறைவுதானே என்பீர்கள். ஓரளவு சரிதான், ஆனால் ஒரே ராத்திரியில் முக்கால்வாசி குறையுமா? வாடகை அப்படியே இருக்கு. வேலைக்குப் போகலாம்னா, தஞ்ச மனு ஓராண்டு தாண்டி இழுத்தால்தான் அனுமதியே கேட்க முடியும். அப்பவும் அரசு பட்டியலில் உள்ள வேலைகள் மட்டும்தான்.

2021 கடைசியில் எல்லா கவுன்சில்களும் பிள்ளைகளைப் பங்கு போட்டுக்கணும் என்று கட்டாயமாக்கினார்கள். நல்லதுதான். ஆனால் 17 வயசுப் பையனை ஏற்கிற எந்த கவுன்சிலுக்கும் சில மாதத்தில் பணம் சரியும் என்று தெரியும். அப்புறம் எப்படி மனசார ஏற்கும்? 21 வரைக்கும் தொகையைப் படிப்படியாகக் குறைக்கட்டும், வாடகையை அந்தந்த ஊர் நிலவரப்படி தனியாகக் கொடுக்கட்டும். அதுக்கப்புறமும் ஒரு கவுன்சில் கைவிரித்தால், தாராளமா திட்டலாம்.