கத்தி பட்டால் புற்றுநோய் பரவுமா?

“கட்டியில் கத்தி வைத்தால் உடம்பெல்லாம் பரவிவிடும்” என்ற பேச்சை நம்பி, மார்பில் கட்டியோடு மாதக்கணக்கில் நாட்டு மருந்து தேடி அலையும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது தவறு. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மீதி உண்மையைத்தான் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

கட்டியிலிருந்து செல்கள் ரத்தத்தில் கலக்க அறுவை தேவையே இல்லை. 1869-லேயே ஆஸ்திரேலிய மருத்துவர் தாமஸ் ஆஷ்வொர்த், புற்றுநோயில் இறந்த ஒருவரின் ரத்தத்தில் கட்டியில் இருந்தவை போன்ற செல்களைக் கண்டார். அறுவையில் கட்டியைப் பிடித்துப் புரட்டும்போது இவை சற்று நேரம் கூடுவதும் உண்மை. ஆனால், ரத்தத்தில் இறங்கிய செல்லுக்கு ஆயுள் குறைவு. புற்றுநோய்ச் செல்களை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்த 1970-ஆம் ஆண்டு ஆய்வில், நூற்றில் ஒன்றுக்கு மேல் ஒரு நாளைத் தாண்டவில்லை. கட்டியை உள்ளேயே விட்டுவைத்தால்தான் இந்த உதிர்வுக்கு முடிவே கிடையாது.

அறுவை நடக்கும் அந்தச் சில மணி நேரத்தைப் பாதுகாப்பானதாக்க முடியுமா? கட்டியைத் தொடுவதற்கு முன்பே ரத்தக்குழாய்களைக் கட்டிவிட வேண்டும் என்றார், குடல் புற்றுநோய் அறுவைக்குப் பெயர்பெற்ற அமெரிக்க மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல், 1967-இல். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால், ஜப்பானில் நடந்த பெரிய சோதனை உட்பட, ஒப்பீட்டுச் சோதனைகளில் அதனால் ஆயுள் கூடியதாகத் தெளிவாகவில்லை. ரத்தத்தில் செல் குறைந்தால் மட்டும் போதாது, நோயாளி பிழைத்திருக்கிறாரா என்றே பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்த சோதனை ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை முன்னின்று, 11 மையங்களில், ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் கொண்ட சுமார் 1,600 பெண்களிடம் நடத்தியது. பாதிப் பேருக்கு, கத்தி வைப்பதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு, கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் ஊசி. பல் பிடுங்கும்போது ஈறில் போடும் அதே மரத்துப்போகும் ஊசிதான். ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4 சதவீதம். 2023-இல் முடிவு வெளியானது. செல்கள் நகர உதவும் சோடியம் வாயில்களை மருந்து அடைப்பதால் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஒரே சோதனைதானே, இன்னொன்று வரட்டும் என்பவர்கள் உண்டு. வரட்டும். ஆனால், ஊசியால் பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை, மருந்தோ மிக மலிவு. அதுவரை காத்திருப்பானேன்? நம் அரசு மருத்துவமனைகள் மார்பக அறுவைகளில் இதை இப்போதே வழக்கமாக்க வேண்டும். எதற்காகப் போடுகிறோம் என்பதை ஊசி போடும் முன்பே அந்தப் பெண்ணிடமும் குடும்பத்தாரிடமும் சொல்ல வேண்டும்.