பழைய அச்சுப்படம்: முதலீடா, நினைவா?

மைசூருக்கு அருகிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையை நம்மில் பலர் கண்டிருப்போம். திப்பு சுல்தான் காலத்தில் அது எவ்வாறு காட்சியளித்தது என்பதை அறியப் பழைய அச்சுப்படங்கள் பெரிதும் துணைபுரிகின்றன. மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிஸின் படையோடு வந்த ஓவியர் ராபர்ட் ஹோமின் காட்சிகள் 1794இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. படை அதிகாரி அலெக்சாண்டர் ஆலனின் தொகுப்பும் அவ்வாண்டிலேயே வந்தது. ஜேம்ஸ் ஹண்டரின் ஓவியங்கள் அவர் மறைந்த பின்னர், 1804-05இல் அச்சேறின.

இவை வென்றவர்களின் பார்வையில் எழுந்தவை என்பதை மறத்தலாகாது. எனினும், பெங்களூர்க் கோட்டையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, டெல்லி வாயிலை ஒட்டிய சிறு பகுதியே எஞ்சியுள்ள இன்று, அதன் முழுத் தோற்றத்தை இத்தகைய படங்களிலேயே காண்கிறோம்.

அண்மைக்காலமாக இவற்றைச் சிலர் முதலீடாகக் கருதுகின்றனர். இக்கருத்து நமக்கு உடன்பாடன்று. தங்கத்திற்கு அன்றாட விலை உண்டு. வைப்புத்தொகைக்கு உறுதியான வட்டி உண்டு. அச்சுப்படத்திற்கு இரண்டும் இல்லை. விற்க விரும்பும் நாளில் விரும்பி வாங்குவோர் கிடைத்தால்தான் விலை. நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிப்பதால், வெளிநாட்டுச் சந்தையையும் நம்ப இயலாது.

இலாப நோக்கம் மற்றொரு தீங்கையும் விளைவிக்கிறது. முழு நூலாக விற்பதைவிட ஏடுகளைத் தனித்தனியே விற்பது ஆதாயம் என்று கருதி, அரிய நூல்களைப் பிரித்துவிடுகின்றனர். ஒருமுறை பிரிந்த ஏடுகள் மீண்டும் ஒன்றுசேர்வது அரிது. ஆகவே, நூலிலிருந்து அண்மையில் வெட்டியெடுத்ததாகத் தோன்றும் படத்தை வாங்காதிருத்தலே நம் கடமை.

ஆசையால் வாங்குவோர் சேமிப்பில் கைவைக்காமல், செலவுக்கென ஒதுக்கிய தொகையில் வாங்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் சீரான புள்ளிவரிசை தெரிந்தால், அது பெரும்பாலும் பிற்கால மறுபதிப்பு. செப்புத் தகட்டால் அச்சிட்ட படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் காணப்படலாம். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அதுவும் இராது. விலை, வாங்கிய இடம், நாள் ஆகியவை குறித்த ரசீதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். வெயில் படாத சுவரில், அமிலமற்ற அட்டையில் பொருத்தி மாட்டினால் தாள் நெடுநாள் நிலைக்கும்.

இழந்த கோட்டைகளை நம்மால் மீண்டும் எழுப்ப இயலாது. எஞ்சியுள்ள அவற்றின் சாயல்களையேனும் சிதையாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்போம். அதுவே இப்படங்கள் தரும் உண்மையான வட்டி.