வேகத்தை அளக்கிறோம், கவனத்தை யார் அளப்பது?

பகாவ் வட்டாரத்தில் சாலை விபத்து நடந்தால், "வேகமாக வந்திருப்பான்" என்பதே முதலில் எழும் பேச்சு. வேகத்தை அளக்கக் கேமரா உண்டு. 2025 ஜூன் 9ஆம் தேதி கெரிக் அருகே பேருந்து விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் பலியான பிறகு, கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்கும் நடவடிக்கையும் அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கியது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், ஓட்டுநரின் கண் சாலையில் இருந்ததா என்பதை வேகக் கருவி சொல்லாது.

கவனக்குறைவாக ஓட்டுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 43ஆவது பிரிவின்படி குற்றம். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதற்கும் தடை உண்டு. கைப்பேசி வைத்திருப்பவர் கண்ணில் படுவார். யோசனையில் மூழ்கியவரும் இரவு வேலை முடிந்து கண் செருகியவரும் படுவதில்லை.

அமெரிக்காவில் 100 கார்களில் கேமரா பொருத்தி நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. பதிவான மோதல்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டில், மோதலுக்கு முந்தைய மூன்று வினாடிகளுக்குள் ஓட்டுநரின் கவனம் சிதறியிருந்தது. இரண்டு வினாடிக்கு மேல் பார்வை விலகினால் ஆபத்து இரு மடங்காகிறது என்றும் அது காட்டியது.

இன்று அதை அளக்க முடியும். இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதைக் கொண்டு தூக்கக் கலக்கத்தையும், பார்வை எங்கே போகிறது என்பதைக் கொண்டு கவனச் சிதறலையும் கேமரா கண்டுபிடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய மாடல் வாகனங்களுக்கு இந்த எச்சரிக்கை வசதி கட்டாயம். 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பார்வை மூன்றரை வினாடி தாழ்ந்திருந்தால் அது எச்சரிக்கும்.

நம் கூட்டரசு சாலைக் கணக்கில் பார்ப்போம். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 25 மீட்டர். மூன்றரை வினாடியில் 87 மீட்டர், பார்க்காமலே! செம்பனைத் தோட்டத்து மண்சாலையிலிருந்து மோட்டார் சைக்கிள் ஏறிவர அந்த நேரம் போதும். நம் நாட்டில் சாலையில் உயிரிழப்போரில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளோட்டிகளே.

ஆகவே, தொழிற்சாலைப் பேருந்துகளிலும் செம்பனைக் குலை லோரிகளிலும் வேகக் கருவியோடு இந்தக் கேமராவையும் பொருத்தச் சொல்ல வேண்டும். அதுவரை ஓட்டுநரே தன்னை அளந்துகொள்ளலாம்: கடைசியாகக் கடந்த சந்திப்பு நினைவில் இல்லையா? வண்டியை ஓரங்கட்டுங்கள்.