பழைய வண்டிக்குக் கட்டி எண்ணெயா?



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போயிருந்தேன். மேனகையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிராட்வேயை ஒட்டிய சந்தில் ஓர் உதிரிபாகக் கடையில் நின்றிருந்தபோது, எனக்கு முன்னால் நம் தமிழ்ப் பிள்ளை ஒருவர் பழைய மாருதி 800-க்கு என்ஜின் ஆயில் கேட்டார். கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி, வண்டி எத்தனை வருஷப் பழசு என்பதுதான். "பழைய வண்டியல்லே, கட்டியுள்ளது ஒழிச்சோ" என்று 20டபிள்யூ-50 டப்பாவை எடுத்து வைத்தார். தம்பியும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரை.

என் தகப்பனார் 1986-ஆம் வருடத்து அம்பாசடர் ஒன்றை டாக்சியாக ஓட்டினார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வண்டியால். 1998-இல், காலையில் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் நீலப்புகை வரத் தொடங்கியது. பட்டறையில், "வயசான என்ஜின், எண்ணெயைக் கட்டியாக்கினால் போதும்" என்றார்கள். அதுவரை ஊற்றிய 20டபிள்யூ-40-ஐ மாற்றி 20டபிள்யூ-50 ஊற்றினார்கள். எண்ணெயை இன்னும் கெட்டியாக்கும் மருந்து ஒரு டப்பாவும் கூடவே. புகை குறைந்தது. அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. புகை குறைந்ததும், தினம் டிப் ஸ்டிக் உருவிப் பார்க்கும் வழக்கமும் குறைந்துவிட்டது.

அந்த வருடக் கோயில் கொடைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டோம். புனலூர், தென்மலை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் எண்ணெய் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு எரிந்தது. வளைவில் ஒதுக்கி நிறுத்த இடம் கிடைப்பதற்குள் அடியில் கடகடவென்று சத்தம். பேரிங் போய்விட்டது. கிராங்க் ஷாஃப்டைச் சாணை பிடித்துப் புது பேரிங் போட அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வால்வ் கைடு தேய்ந்து, சீல் ரப்பர் இறுகிப் போயிருந்தது. எண்ணெய் அந்த வழியாக இறங்கி எரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. கட்டி எண்ணெய் நோயைக் குணப்படுத்தவில்லை. நோயின் அடையாளத்தை மறைத்தது. டிப் ஸ்டிக்கைப் பார்க்காதது எங்கள் குற்றம்.

டப்பாவில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன? 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. என்ஜினைச் சுழற்றிவிட முடிகிறதா என்று 20டபிள்யூ எண்ணெயைச் சோதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் மூணாறுக் குளிரில் உறைந்துபோகும், கொச்சியில் அப்படியே ஓடும். ஆகவே இந்த முதல் எண் கொச்சிக்காரரை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. நாம் பார்க்க வேண்டியது பின்னால் உள்ள எண்ணை. 100 டிகிரிச் சூட்டில் எண்ணெயின் கெட்டித்தன்மையை அது காட்டுகிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. 40-லிருந்து 50-க்குத் தாவுவது சின்ன மாற்றம் இல்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

தேய்ந்த என்ஜினில் பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும், எண்ணெய் அழுத்தம் குறையும், கட்டி எண்ணெய் அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே கட்டி எண்ணெய் காலையில் வால்வுகள் இருக்கும் மேல்பகுதிக்கு ஏறிச் சேர அதிக நேரம் எடுக்கும். அந்தச் சில விநாடிகளில்தான் தேய்மானம் அதிகம். பெட்ரோலும் சற்றுக் கூடச் செலவாகும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. புத்தம்புது கார்களுக்கென்று வந்திருக்கும் 0டபிள்யூ-20 போன்ற நீர்த்த எண்ணெயை, விலை கூடியது நல்லது என்று எண்ணிப் பழைய அம்பாசடரில் ஊற்றுவதும் பிழையே.

ஆகவே என் கருத்து இதுதான்: வயதைப் பார்த்து எண்ணெய் ஊற்றக் கூடாது, வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து ஊற்ற வேண்டும். புகை வந்தால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டும் நீலப்புகை என்றால் வால்வ் சீலையும் கைடையும் பாருங்கள். ஓட்டத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப்புகை என்றால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகித்து கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். கறுப்புப் புகைக்கும் எண்ணெயின் கெட்டித்தன்மைக்கும் சம்பந்தமே இல்லை. சூடான என்ஜினில் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளந்து, அது உண்மையிலேயே குறைந்திருந்து, புத்தகமும் இடம் கொடுத்தால் ஒரு படி கூட்டலாம். அதுவும் பழுது பார்க்கும் நாள் வரைக்குமான ஊன்றுகோல்தான். எல்லாவற்றையும்விட, எண்ணெயைக் காலத்தில் மாற்றுவது முக்கியம். நாள்பட்ட எண்ணெய் தன் எண்ணுக்குரிய தரத்தை இழந்துவிடும்.

அம்பாசடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-லேயே நின்றுவிட்டது. இன்று அவற்றை வைத்திருப்பவர்களுக்குக் கடைக்காரர் சொல்வதே வேதம். நம்மவர்களுக்கோ இன்னொரு சிக்கலும் உண்டு. புத்தகம் ஆங்கிலத்தில், பட்டறைப் பேச்சு மலையாளத்தில், யோசிப்பது தமிழில். நடுவில் விஷயம் தொலைந்துபோகிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர்கள் தங்கள் வாகனப் புத்தகத்தை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வரட்டும். எண்ணெயின் எண், அளவு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்ற மூன்றையும் தமிழில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்போம். படித்த இளைஞர்கள் நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலை வேலை. கொடைக்கும் பொங்கலுக்கும் குழந்தை குட்டிகளோடு மலைச்சாலையில் ஏறுகிறவர்கள் நாம்.

பிராட்வேயில் பார்த்த அந்தத் தம்பி இதைப் படிக்க நேர்ந்தால், டப்பாவைத் திறக்கும் முன் வண்டியின் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது. தாமதத்துக்கு மன்னிக்கவும்.